நான் எழுதிய முச்சலிக்கா

எங்கள் குடும்பத்தில் பேனா பிடித்த முதல் ஆள் நான். அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. என்னைவிட ஏழு வயது மூத்த அக்காவைப் பள்ளிக்கூடத்துப் பக்கமே அனுப்பவில்லை. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் ஊரறிய நான் முதலில் எழுதியது என்ன என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. அணா போய் நயா பைசா வந்த புதிது. ஒலக்கூர்ப் பக்கத்திலுள்ள எங்கள் ஊரிலிருந்து திண்டிவனத்துக்கு நடந்துபோய் ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அக்காவை விழுப்புரத்தில் கொடுத்து இரண்டு வருஷமாகியிருந்தது. அவள் புருஷன், என் மாமா, அங்கே ஒரு நெல் மில்லில் மூட்டை வாய் தைப்பவர். அந்த வருஷம் அக்கா மூன்றாவது முறையாக வீட்டுக்கு வந்துவிட்டாள். உதடு வீங்கியிருந்தது. "வழுக்கி வுழுந்துட்டேன்" என்று தெருவில் சொன்னாள். அம்மாவிடம் மட்டும், "கை நீட்டிட்டாரு" என்றாள்.

கோபித்துக்கொண்டு வந்த பெண்ணைத் திருப்பி அனுப்ப ஊர் கூடுவது வழக்கம். கூட்டத்தில் பெண் பேசக்கூடாது, அவளுக்காக அப்பனோ அண்ணனோதான் பேசவேண்டும். பேசி முடித்ததை முச்சலிக்காவாக எழுதி, இனி இப்படி நடந்துகொள்கிறேன் என்று ரேகை வைத்துக் கொடுக்கவேண்டும். எழுதுவது கணக்குப்பிள்ளை. அன்றைக்கென்று அவர் ஒரு கல்யாணத்துக்காகப் பக்கத்து ஊரான பிரம்மதேசம் போயிருந்தார்.

"எழுத ஆளில்லாம எப்படி? அடுத்த வாரம் வச்சிக்கலாமா?" என்றார் நாட்டாமை.

"மில்லுல லீவு குடுக்கமாட்டாங்க. ஜல்தியா முடிச்சி அனுப்புங்க" என்றார் மாமா.

அப்பா எழுந்து துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "என் சின்னப் பொண்ணு எழுதும்ங்க."

"பொட்டப் புள்ளையா?" என்று யாரோ சிரித்தார்கள்.

"ஆறாவது படிக்குதுங்க. இங்கிலீசே எழுதும்!"

எனக்கு வந்த சந்தோஷம்! ஊர் கூடியிருந்த மாரியம்மன் கோயிலிலிருந்து வீட்டுக்கு ஒரே ஓட்டம். மைக்கூடு, கட்டைப் பேனா, கோடு போடாத முழுத்தாள் ஒன்று, அடியில் வைக்க ஒரு முறம். மை சிந்திவிடக்கூடாதே என்று திரும்பும்போது கல்யாணப் பெண்ணைப் போல அடிமேல் அடிவைத்து வந்தேன். அத்தனை ஆம்பிளைகளுக்கு நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்து, முறத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் தாளை வைத்தேன். பெரிய மனுஷர்கள் எல்லாரும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நாட்டாமை சொல்லச் சொல்ல எழுதினேன். 'என் புருஷன் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நடப்பேன். சண்டையிட்டுக்கொண்டு இனிப் பிறந்த வீட்டுக்கு வரமாட்டேன். அப்படி வந்தால் என் தகப்பனாரை ஊர் விலக்கி வைக்கச் சம்மதம்.'

"மாப்ள பக்கம் இன்னா எழுதறதுங்க?" என்று நானே கேட்டேன்.

"அவரு நல்லபடியா வச்சிக்குவாருன்னு ஒரு வரி போட்டுக்கம்மா."

போட்டேன். வரி கோணாமல் போகிறதா என்பதுதான் என் கவலை. என்ன எழுதுகிறேன் என்று ஒரு கணம்கூட நினைக்கவில்லை. கடைசியில் ரேகை வைக்கவேண்டும். விளக்குக் கரியில் விளக்கெண்ணெய் குழைத்துக் கொண்டுவந்தார்கள். அக்கா பெண்கள் கூட்டத்தில் பின்னால் நின்றாள். முன்னே வந்தவளுக்குக் கை எழவில்லை. நான்தான் அவள் கட்டைவிரலைப் பிடித்து, கரியில் தோய்த்து, தாளில் அழுத்தினேன். பள்ளியில் முத்திரை குத்துவதைப் பார்த்திருந்தேன். இழுபடாமல், பளிச்சென்று விழுந்தது.

"முத்து முத்தா எழுதியிருக்குது பாரு!" என்றார் நாட்டாமை. அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். வண்டியில் ஏறும்போது அக்கா என்னைப் பார்த்துச் சொன்னது ஒன்றுதான். "நல்லா எழுதறடி."

அந்தப் பாராட்டை ஒரு வருஷம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

ஒன்பதாம் வகுப்புப் பெரிய லீவில் முதல்தடவையாக விழுப்புரம் போனேன். ரயில் மாறுகிறவர்களும் பெட்டி தூக்குகிறவர்களுமாக எப்பேர்ப்பட்ட ஸ்டேஷன்! மாமா பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தார். என் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு, "படிச்ச மச்சினிச்சிக்கு நான்தான் போர்ட்டரு" என்று தெருவையே சிரிக்கவைத்தார். இவரா அடிக்கிறவர் என்று நினைத்தேன். அக்காதான் ஏதோ துடுக்காகப் பேசியிருப்பாள் என்றும் நினைத்தேன். இரண்டு நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் கேப்பைக்களி கொஞ்சம் இளகிவிட்டது. அவ்வளவுதான். சணலும் கோணியூசியும் பிடித்துக் காய்ப்பேறிய கை அது. அக்கா சுவரோடு போய் விழுந்தாள். இடுப்பிலிருந்த ஒரு வயதுக் குழந்தையை மட்டும் கீழே விடவில்லை. ஒரே வரிசையில் ஏழு வீடு, நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அடுத்த வீட்டில் யாரோ சத்தமில்லாமல் கதவைச் சாத்தினார்கள்.

"அவள ஏன் அடிக்கிற மாமா?" என்று கத்தினேன்.

அவர் கோபப்படவில்லை. கை கழுவிவிட்டுத் தகரப்பெட்டியைத் திறந்தார். மஞ்சள் துணியில் சுற்றிவைத்திருந்த தாளை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"நீ படிச்ச புள்ள. இதப் படி பாப்பா. உங்கக்காவுக்கு ஞாபகம் இருக்கறதில்ல."

என் எழுத்து. ஒரு வரிகூடக் கோணவில்லை. படித்தேன். பாதிக்கு மேல் வாய்க்குள்ளேயே முணுமுணுத்தேன். "சத்தமா" என்றார். சத்தமாகப் படித்து முடித்தேன். அக்கா களிச்சட்டியைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் நான் ஏதோ கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. மறுபடி கேட்டேன். "இந்தப் பக்கம் வந்து பேசுடி" என்று வலது காதைக் காட்டினாள். இடது காது போய் ஏழெட்டு மாதமாகிறதாம்.

"வூட்டுக்கு வந்துடுக்கா."

"எப்படி வர்றது? காயிதம் இருக்குதே. அப்பாவ ஊர வுட்டுத் தள்ளுவாங்க."

அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

படிக்காதவர்களுக்குக் காகிதத்தின் மேல் ஒரு பயம் உண்டு. வாய்ப்பேச்சை மறக்கலாம், மறுக்கலாம். மையில் எழுதியதை அம்மன் வாக்கு மாதிரி நினைப்பார்கள். அந்தப் பயம் எங்கள் வீட்டு மண்ணிலேயே கலந்திருந்தது. இத்தனை படித்தும் என்னிடமும் அது ஒட்டிக்கொண்டிருந்தது என்பதுதான் வேடிக்கை. பதினோராவது பாஸ் பண்ணித் திண்டிவனத்தில் ஆசிரியப் பயிற்சியில் சேரும்வரை, அந்தத் தாள் செல்லுமா என்று ஒருவரையும் நான் கேட்கவில்லை.

ஹாஸ்டலில் துணி துவைக்கிற கல் வரிசையில்தான் எங்களுக்கு எல்லாப் பேச்சும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அக்காவின் காதைப் பற்றியும் அந்தத் தாளைப் பற்றியும் முதல்தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். சொல்லிவிட்டுச் சேலையை அடித்துத் துவைத்துக்கொண்டே இருந்தேன், யாரையும் பார்க்கவில்லை. பக்கத்துக் கல்லின் சத்தம் நின்றது. "எங்க சின்னம்மாவுக்குப் பல்லு" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தியின் அண்ணி கருவோடு விழுந்தவள். ஒரு பெண், அதுவரை எல்லாரையும் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தவள், கையிலிருந்த சோப்பைப் பார்த்தபடி, "எங்கம்மா" என்றாள். சொந்த நிலமுள்ள வீட்டுப் பெண், கூலி வீட்டுப் பெண், மாதாகோயிலுக்குப் போகிற பெண், எல்லார் வீட்டிலும் இருந்தது. எல்லார் வீட்டிலும் அதே வார்த்தைதான். கை நீட்டினார். ஏதோ பிரசாதம் வாங்கக் கை நீட்டியதுபோல!

விக்கிரவாண்டிப் பெண் ஒருத்தி, துணிச்சல்காரி, என் பக்கம் திரும்பினாள். "அந்தக் காயிதத்துக்கு அப்படி இன்னா பவரு? யாரையாச்சும் கேட்டியா?"

"இல்ல."

"நீயெல்லாம் வாத்தியாரம்மா ஆவப்போற!"

சனிக்கிழமை அவளே என்னைக் கோர்ட்டுத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். வக்கீல் வயதானவர். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "யாரும்மா எழுதினது?" என்றார்.

"நான்தாங்க."

"அப்ப உனக்கு என்ன வயசு?"

"பதினொண்ணு."

அவர் சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி மேசைமேல் விழுந்தது. "கோர்ட்டுல இதுக்கு ஒரு மதிப்பும் கெடையாதும்மா. ஒரு பொண்ணு அப்பன் வூட்டுக்குப் போறத எந்தக் காயிதமும் தடுக்க முடியாது. போய் உங்கக்காவ அழைச்சிக்கினு வா."

வெளியே வந்ததும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். பதினேழு வயதுப் பெண் நடுத்தெருவில் ஓடுகிறாள் என்று கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே! ஹாஸ்டலில் அனுமதி வாங்கிக்கொண்டு ஊருக்கு நடந்த நடையில் மூச்சு வாங்கியது எனக்குத் தெரியவில்லை.

வாசலில் அம்மா மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, உரித்துக்கொண்டிருந்தாள். அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். வக்கீல் சொன்னதைக் கொட்டினேன்.

அப்பா மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னார். "கோர்ட்டுக்குச் செல்லாது. சரி. ஊருக்குச் செல்லுமே. ஊருல நெருப்புத் தண்ணி இல்லாம எப்படி இருக்கறது? புருஷன் பொஞ்சாதின்னா..."

"புருஷன் பொஞ்சாதின்னா?" என்றாள் அம்மா.

அம்மா மடியிலிருந்த மல்லாட்டைத் தோலைத் தட்டிவிட்டு எழுந்தாள். "வாடி, போவலாம்."

"எங்க?" என்றார் அப்பா.

"வெய்யிலுக்கு முன்னாடி கெளம்பணும். நாளைக்குக் காலையில மொத ரயிலு. நீ மாட்டப் பார்த்துக்க."

ஆம்பிளை துணையில்லாமல் அம்மா ரயில் ஏறியது அதுதான் முதல்தடவை. சன்னலோரம் அவளுக்கு. மயிலம் தாண்டியதும் கரித்தூள் கண்ணில் விழுந்து அழுதாள், பேரணி ஸ்டேஷனில் சிரித்தாள், கொய்யாப்பழம் கேட்டாள். முண்டியம்பாக்கம் வந்தபோது அம்மா முந்தானையை விலக்கித் தோள்பட்டையைக் காட்டினாள். எலும்பு ஓரிடத்தில் மேடாக இருந்தது. சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். கிணற்றடியில் விழுந்தது என்றுதான் சொல்லியிருந்தாள்.

"உங்கப்பன்தான். கலப்பக் கட்டையால. நீ அப்ப பொறக்கல. மூணு மாசம் எங்கம்மா வூட்டுப் பக்கம் பார்த்துக்கினே இருந்தேன். ஒருத்தரும் வரல." முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். "அப்பறம் பார்க்கறத வுட்டுட்டேன்."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளியில் சேர்த்த அப்பா. என் எழுத்தைப் பார்த்து அழுத அப்பா. இரண்டும் ஒரே ஆள்தான். இன்றைக்கும் எனக்கு அது சரியாக விளங்கவில்லை. ரயிலோ நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

அக்கா வீட்டு வாசலில் அவள் மகள், நாலு வயதுக்காரி, துணிப்பொம்மையை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். பொம்மையைச் சுவரில் சாத்திவைத்து, ஈர்க்குச்சியால் விளாசினாள். "எதுத்துப் பேசுவியா? பேசுவியா? காயிதத்த எடுக்கட்டா?" அம்மா படியிலேயே நின்றுவிட்டாள். உள்ளிருந்து வந்த அக்கா எங்களைப் பார்த்தாள், பிறகு நாங்கள் பார்ப்பதைப் பார்த்தாள். தினமும் அவள் பார்த்த விளையாட்டுதான். எங்கள் கண்ணோடு சேர்ந்து அன்றைக்குத்தான் பார்த்தாள்போலும். பொம்மையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

நான் அவள் வலது பக்கம் போய்ச் சொன்னேன். "காயிதம் செல்லாதுக்கா. வக்கீலு சொல்லிட்டாரு."

"ஊருக்கு?"

"அத அப்பறம் பார்த்துக்கலாம். நீ வர்றியா? அத மட்டும் சொல்லு."

அக்கா மகளைப் பார்த்தாள். "மத்தியானம் அவரு சோத்துக்கு வருவாரு. அவரு இருக்கசொல்லத்தான் போவணும். திருட்டுத்தனமா ஓடிப் போய்ட்டான்னு சொல்லக்கூடாது."

வந்தார். மாமியாரைப் பார்த்ததும், "வாங்க அத்த, சொல்லாம கொள்ளாம!" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். மூட்டை கட்டியிருப்பதைக் கண்டதும் சிரிப்பு நின்றது. நேராகத் தகரப்பெட்டியிடம் போனார். மஞ்சள் துணி வந்தது.

"படி பாப்பா."

வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் வாசிக்கிற குரலில், ஏழு வீட்டுக்கும் கேட்கிற மாதிரி, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தேன். கதவுகள் திறந்தன. பெண்கள் வந்து நின்றார்கள். படித்து முடித்து, "இத எழுதினது நான். எங்கக்காவ ஒரு வார்த்த கேக்காம எழுதிட்டேன். இப்ப கேக்கறேன். அக்கா, நீ சொல்லு" என்று தாளைத் திருப்பினேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. பேனாவைத் திறந்தேன்.

"இன்னாடி இது பேஜாரு!" என்று மாமா ஒரு அடி எடுத்துவைத்தார். அம்மா குறுக்கே வந்து நின்றாள். உயரத்தில் அவர் மார்புவரைகூட வரமாட்டாள். "மாப்ள, அவ சொல்லட்டும். ஆறு வருஷமா நீ சொன்னியே." பக்கத்து வீட்டுக்காரி, அன்றைக்குக் கதவு சாத்தியவள்தான், வந்து அம்மா பக்கத்தில் நின்றாள். பிறகு இன்னொருத்தி. அவருக்கு அத்தனை கண்ணுக்கு முன்னால் கை ஓங்கப் பழக்கமில்லை. அவர் பழகியதெல்லாம் நாலு சுவருக்குள்தான்.

அக்கா சொன்னாள். யோசித்து யோசித்து, ஒவ்வொரு வார்த்தையாக. "ஆறு வருஷம்னு போடாத. கட்டுன நாளா அடி வாங்கனேன்னு எழுது. ஒரு காது போச்சி. நான் வழுக்கி வுழல. எப்பவும் வுழல. இவருதான் அடிச்சாரு. இனிமே வாங்கமாட்டேன். எம் பொண்ண அழைச்சிக்கினு எங்கப்பா வூட்டுக்குப் போறேன். சொல்லிட்டுத்தான் போறேன். இத நான்தான் சொன்னேன், வேற யாரும் சொல்லிக் குடுக்கல."

அடித்தார் என்ற வார்த்தையை எங்கள் வீட்டில் அடிபட்டவளே வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். எழுதும்போது கை ஆடியது. வரி மேலும் கீழுமாகப் போனது. என் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து அதையே இன்னொரு பிரதியும் எழுதினேன். ரேகைக்கு மை தேடினேன். அக்கா அடுப்படிக்குப் போய்க் களிச்சட்டியின் அடியில் கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டு வந்தாள். நான் விரலைப் பிடிக்கப் போனேன்.

"வுடுடி" என்றாள். அவளே வைத்தாள். இரண்டு தாளிலும். தாள் ஓட்டையாகிவிடும்போல அழுத்தினாள்.

பழைய தாளை அவர் கையிலேயே கொடுத்துவிட்டோம். அதை முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கும் படிக்கத் தெரியாது. எங்களுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

திண்டிவனம் ஸ்டேஷனுக்கு வெளியே வண்டி பூட்டிக்கொண்டு அப்பா நின்றிருந்தார். காலையிலிருந்தே நின்றாராம். பேத்தியைத் தூக்கி வண்டியில் வைத்தார். அம்மா அவரைப் பார்க்காமல் பின்பக்கமாக ஏறிக்கொண்டாள். நான் தாளைக் கொடுத்தேன்.

"இதுல இன்னா இருக்குது?"

படித்துக் காட்டினேன். 'இவருதான் அடிச்சாரு' என்ற இடத்தில் அப்பா அம்மாவைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, தாளை நாலாக மடித்து முண்டாசுக்குள் வைத்துக்கொண்டார்.

சாயங்காலமே நாட்டாமை ஆள் அனுப்பிவிட்டார். அப்பாவோடு நானும் போனேன். "இன்னாப்பா, காயிதம் எழுதிக் குடுத்துட்டு மீறலாமா?" என்றார் நாட்டாமை.

அப்பா முண்டாசை அவிழ்த்தார். "எங்ககிட்டயும் காயிதம் இருக்குதுங்க."

அந்தக் குரலில் இருந்த பெருமை! நாட்டாமை தாளை வாங்கி வெளிச்சத்தில் காட்டினார். மையில் எழுதியிருக்கிறது. கீழே கரிய ரேகை. எழுதியதற்கு இவ்வளவு காலம் பயப்படச் சொல்லிக்கொடுத்தவருக்கு, எழுதியதை இல்லை என்று எப்படிச் சொல்வது? பக்கத்திலிருந்தவர்களைப் பார்த்தார். அவர்கள் தாளைப் பார்த்தார்கள்.

"ரேகை உம் பொண்ணும்துதானா?"

"அதும்துதாங்க. யாரும் புடிச்சி வைக்கல."

"சாட்சி?"

"ஏழு வூட்டுப் பொம்பளைங்க" என்றேன் நான். அங்கே பெண் பேசக்கூடாது என்பது பேசிய பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது. ஒருவரும் அதட்டவில்லை.

"சரி, இருக்கட்டும். பார்த்துக்கலாம்" என்றார் நாட்டாமை. எங்களை யாரும் விலக்கி வைக்கவில்லை.

இரண்டு வருஷமாகிறது. கூட்டேரிப்பட்டுக்குப் பக்கத்தில் எனக்கு வேலை கிடைத்து, அக்காவும் மகளும் என்னோடு இருக்கிறார்கள். நாங்கள் எல்லாரும் பழக்கத்தில் அக்காவின் வலது பக்கமாகவே உட்கார்கிறோம். நாட்டாமையிடம் காட்டிய அந்தத் தாளை அவள் பெட்டியில் சேலைக்கடியில் வைத்திருக்கிறாள். போன வாரம் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"அந்தப் பழைய காயிதத்துல எழுத்து எவ்வளவு அழகா இருந்திச்சி. இதுல கோழி சீய்ச்ச மாதிரி எழுதியிருக்கற."

"கை நடுங்கிச்சிக்கா."

"நடுங்கட்டும்" என்றாள் அக்கா. மடித்து, திரும்பவும் சேலைக்கடியில் வைத்தாள்.